நுளம்பு கடிச்ச இடம் கடிக்குது: சொறியாமல் இரவைக் கழிப்பது எப்படி?

கடந்த மாரியில் வேறொரு விடயமாகக் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குப் போயிருந்தேன். நான் போன வீட்டில் ஒரு செயற்கைக்கால் விறாந்தைச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்குரியவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். மிதிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பன்னிரண்டு நாட்களாகக் கடை பூட்டிக் கிடக்கிறது என்றார்.

“என்ன அண்ணை, காய்ச்சலோ?”

“இல்லைப் பிள்ளை. நுளம்பு கடிச்சது.”

பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவருடைய மனைவி விளக்கினார். இரவில் காலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பார். வெறுமையாக இருந்த மொளியில் நுளம்பு கடித்திருக்கிறது. நித்திரையில் தன்னை அறியாமல் சொறிந்திருக்கிறார். காலையில் அதற்கு மேலேயே காலுறையை இழுத்து, செயற்கைக்காலைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வியர்வையும் உராய்வும் சேர்ந்து மூன்றாம் நாள் அந்த இடம் சிதழ் கட்டிவிட்டது. ஆறும்வரை காலைப் போட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் உழைப்பு போய்விட்டது. “மிதிவெடிக்குத் தப்பி வந்து நுளம்பிட்டை மாட்டுப்பட்டதெண்டு ஊருக்குள்ள சொல்ல வெக்கமாக் கிடக்கு” என்று அவரே சிரித்தார்.

நுளம்பு என்றால் டெங்கு, டெங்கு என்றால் நுளம்பு என்றுதான் எங்கள் ஊடகங்களில் எழுதுகிறோம், நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். வெறும் கடியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அது ஒரு நோயாகக் கணக்கில் வருவதும் இல்லை. அந்த வீட்டிலிருந்து திரும்பிய பிறகு வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கத்துடன் தொடங்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நுளம்பு குத்துவதும் ‘கடி’, பிறகு அந்த இடம் அரிப்பதும் ‘கடி’. “கடிச்ச இடம் கடிக்குது” என்றால் எங்களுக்கு விளங்கும். தமிழ் தெரியாத வைத்தியருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்பவர் ‘ஏதோ கடித்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால், வைத்தியர் பாம்பா பூச்சியா என்று தேடத் தொடங்கிவிடுவார். அரிப்பைச் சிங்களத்தில் ‘கசனவா’ என்பார்கள். அந்த ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருந்தால் உதவும்.

ஏன் அரிக்கிறது?

இரத்தம் குடிப்பது பெண் நுளம்பு மட்டும்தான். முட்டை உருவாக அதற்கு இரத்தத்திலுள்ள புரதம் வேண்டும். ஊசி போன்ற வாயை உள்ளே இறக்கும்போது, இரத்தம் உறையாமல் இருக்கத் தன் உமிழ்நீரையும் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்களை எங்கள் உடல் அந்நியப் பொருளாக அடையாளம் காண்கிறது. தோலில் இருக்கும் சில கலங்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுகின்றன. அதனால் நரம்புகள் தூண்டப்பட்டு அரிக்கிறது, நுண்ணிய குழாய்களிலிருந்து நீர் கசிந்து தடிக்கிறது. எனவே அரிப்பு நுளம்பின் நஞ்சால் வருவது அல்ல. அது எங்கள் உடலே காட்டும் எதிர்ப்பு.

இந்த எதிர்ப்பு இரண்டு தரம் வரும். கடித்த சில நிமிடங்களில் வெளிறிய தடிப்பு ஒன்று வரும், அது ஒரு மணித்தியாலமளவில் அடங்கிவிடும். ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துச் சிவந்த சிறு கட்டியாக மற்றது வரும். அது சில நாட்கள் இருந்து கடிக்கும். ‘நேற்று ஒன்றும் இல்லை, இன்றைக்கு எப்படி?’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

ஒரே ஊரில் ஒரே இனத்து நுளம்பிடம் ஆண்டுக்கணக்கில் கடிவாங்கினால் உடல் மெல்ல மெல்லப் பழகிவிடும். அதனால்தான் எங்கள் அம்மம்மாக்கள் திண்ணையில் இருந்து விசிறிக்கொண்டு ‘எனக்கு ஒண்டும் கடிக்கேல்லை’ என்கிறார்கள். அவர்களையும் கடிக்கத்தான் செய்கிறது, தடிப்பதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் பிள்ளைகளின் கால்கள் இரண்டு நாளில் வீங்கிப் போவதற்கும் இதுவே காரணம். அவர்களின் உடலுக்கு இந்த நுளம்பு புதிது. ‘வெளிநாட்டு இரத்தம் இனிப்பு’ என்று சொல்லிச் சிரிக்கிறோம், ஆனால் இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே பிறந்த குழந்தைகளுக்கும் முதல் சில ஆண்டுகள் கடுமையாகத் தடிக்கும். சிலருக்குப் பழைய கடிகளும் புதிய கடியோடு சேர்ந்து மறுபடி கிளம்பும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர அது குறைந்துவிடும்.

சொறிந்தால் ஒரு கணம் சுகம். அந்தச் சிறு வலி அரிப்பை மூடிவிடுகிறது. அந்த வலியை அடக்க மூளை வெளிவிடும் பொருள் ஒன்றே அரிப்பைத் திரும்பவும் கூட்டுகிறது என்பதும், சொறியும்போது தோல் இன்னும் கொஞ்சம் ஹிஸ்டமினை விடுகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்தவை. அதனால்தான் சொறிதல் ஒரு தரத்தோடு நிற்பதில்லை.

கையில் இருப்பதை வைத்து

முதலில் அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு குளிர். ஐஸ்கட்டி இருந்தால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியே போதும். குளிர் நரம்பின் வேகத்தைக் குறைக்கிறது, வீக்கத்தையும் குறைக்கிறது. நான் முயன்றவற்றில் இதைப்போல விரைவாகக் கேட்டது வேறொன்றும் இல்லை, காசும் இல்லை. கை சும்மா இருக்காது என்றால் நகத்தை விட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள், அல்லது பக்கத்தில் மெதுவாகத் தட்டுங்கள்.

அப்பச்சோடா ஒரு மேசைக்கரண்டியை மிகக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்துப் பூசி, பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம். பாமசியில் கிடைக்கும் இளஞ்சிவப்பு நிறக் கலமைன் லோசன் பழைய மருந்துதான், ஆனாலும் பிள்ளைகளுக்குப் பூசப் பயமில்லாதது. போத்தலைக் குலுக்கிவிட்டுப் பூச வேண்டும். கற்றாளைச் சோறும் குளிர்ச்சி தரும். வெட்டியவுடன் வழியும் மஞ்சள் பாலை வடிய விட்டுக் கழுவிய பிறகே பூசுங்கள், அந்தப் பால் சிலருக்கு இன்னும் கடியை உண்டாக்கும்.

எங்கள் வீடுகளில் செய்யும் சில வைத்தியங்களை நிறுத்தச் சொல்லத்தான் வேண்டும். தேசிக்காய்ப் புளி அவற்றில் ஒன்று. புளி பட்ட தோலில் வெயில் பட்டால் தோல் வெந்து, மாதக்கணக்கில் போகாத கறுப்பு அடையாளம் விழும். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும். பற்பசை சற்றுக் குளிர்ந்து பிறகு உறுத்தும். கரண்டியைச் சுடவைத்து ஒற்றுவதால் அரிப்பு அடங்குவது உண்மைதான். அளவான சூட்டை ஒரு சில வினாடிகள் கொடுக்கும் கருவிகள் வெளிநாடுகளில் விற்பனையில் இருக்கின்றன. ஆனால் விளக்கில் சுடவைத்த கரண்டியின் சூட்டை யார் அளப்பது? சூடு பட்ட காயத்தோடு கிளினிக்குக்குப் போவதைவிடக் கடியோடு இருப்பது நல்லது. சித்தாலேப பூசாத வீடு இல்லை. அதிலுள்ள கற்பூரமும் மென்தோலும் குளிர்ச்சி காட்டி அரிப்பை மறக்கச் செய்யும். உடையாத தோலில் பெரியவர்கள் கொஞ்சம் பூசலாம். கண்ணுக்குக் கிட்ட, சொறிந்து உரிந்த இடத்தில், கைக்குழந்தைகளுக்குப் பூச வேண்டாம்.

பாமசியில் கேட்பது

அரிப்பு நித்திரையைக் கெடுத்தால் ஹிஸ்டமினை மறிக்கும் குளிசைகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது பிரிற்றன். அது தூக்கத்தைத் தரும், மறுநாள் காலையிலும் மந்தமாக இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள், மெசினில் வேலை செய்பவர்கள் அதைப் பகலில் எடுக்கக் கூடாது. செற்றிறிசின், லோராற்றடின் போன்றவை தூக்கத்தைக் குறைவாகத் தரும். செற்றிறிசின் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் ஒரு குளிசை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்காமல் போட வேண்டாம். வவுனியா, செட்டிகுளம் பகுதிகளில் சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

கிறீம் விடயத்தில்தான் எனக்குக் கோபம். அரிப்பு என்று போய்க் கேட்டால், ஒரு சில கடைகளில் பெற்றாமெதசோன் போன்ற வீரியமான ஸ்ரீறொயிட் கிறீமை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துத் தந்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், அதனால் அந்தக் கிறீம் வீட்டு அலுமாரியில் ஏறிவிடும், பிறகு பிள்ளையின் முகப்பருவுக்கும் தேமலுக்கும் அதையே பூசுவார்கள். தோல் மெலியும், பங்கசு இருந்தால் வட்டம் வட்டமாகப் பெருகும். நுளம்புக் கடிக்கு 1 வீத ஹைட்ரோகோட்டிசோன் கிறீம் போதும். அதுவும் மெல்லிதாக, நாளுக்கு ஒன்றிரண்டு தரம், சில நாட்களுக்கு மட்டும். புண் ஆன இடத்தில் பூசவே கூடாது.

சொறிந்த புண்

2009 இல் நாங்கள் மெனிக் பாமில் இருந்தோம். கதிர்காமர், அருணாசலம், இராமநாதன், ஆனந்தகுமாரசுவாமி என்று பெரிய மனிதர்களின் பெயர்களை வைத்து வலயம் வலயமாகக் கூடாரம் அடித்திருந்தார்கள். மழை பெய்தால் கூடாரத்துக்குள் வெள்ளம், வடிந்தால் நுளம்பு. குளிக்கத் தண்ணீருக்கு வரிசை, சவர்க்காரத்தை அளந்து பாவித்தோம். என் இரண்டு கணுக்காலிலும் இன்றைக்கும் கறுத்த வட்டங்கள் உண்டு. செல் காயமா என்று கேட்பவர்களிடம் நுளம்பு என்றால் நம்புவதில்லை. சொறிந்த நகத்தில் ஊத்தை, கழுவத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் காரணம். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. எங்கள் பக்கத்துச் சனத்தில் பலரின் கால்களில் அந்த வட்டங்கள் மிஞ்சியிருக்கின்றன.

நகத்தால் உரிந்த தோலுக்குள் கிருமி போனால் முதலில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும், அல்லது சிதழ் வைக்கும். சுற்றியுள்ள சிவப்பு நாளுக்கு நாள் பரந்தால், அந்த இடம் சுட்டு நொந்தால், சிவப்புக் கோடு மேலே ஏறினால், அரையில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பேனையால் சிவப்பின் விளிம்பைக் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீனி வருத்தக்காரர் அந்த ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தோல்புண் வந்து சில வாரங்களில் காலையில் முகம் அதைத்து, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே காட்ட வேண்டும். சில வகைத் தோல் கிருமிகளுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்படுவதுண்டு. பிள்ளைகளின் நகத்தை வாரத்துக்கு ஒருமுறை வெட்டுவது இதற்கெல்லாம் மலிவான மருந்து.

காயப்பட்ட உடலில்

போரில் காயப்பட்டவர்களுக்கு இந்தப் பொது ஆலோசனை போதாது. செயற்கைக்கால் போடுபவர்கள் இரவில் மொளியைக் கழுவித் துடைத்து, ஒரு சிறு கண்ணாடியைப் பின்பக்கம் பிடித்துப் பார்க்க வேண்டும். கடித்த அடையாளம் இருந்தால் லோசனோ கிறீமோ இரவில்தான், காலையில் பூசிவிட்டு உறைக்குள் காலை விட்டால் ஈரமும் பூச்சும் உராய்ந்து தோல் உரியும். படுக்கும்போது சுத்தமான பருத்திக் காலுறை ஒன்றை மொளியில் மாட்டிக்கொள்ளலாம். நுளம்புக்கும் நகத்துக்கும் அது ஒரு தடை. தோல் உடைந்துவிட்டால், ஒரு நாள் வேலை போனாலும் பரவாயில்லை என்று காலைப் போடாமல் விடுவதே புத்தி. அந்த ஒரு நாளுக்கு யோசித்துத்தான் கடைக்கார அண்ணை பன்னிரண்டு நாளை இழந்தார்.

இல்லாத கால் கடிப்பதும் உண்டு. பாதம் போய்ப் பல வருடம் ஆன பின்னும் அந்தப் பாதத்தின் பெருவிரல் இடுக்கு அரிப்பதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லாமல் இருப்பார்கள். இது மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று. மூளையில் அந்தக் காலுக்குரிய பகுதி இன்னும் வேலை செய்கிறது. கண்ணாடியை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்து, இருக்கும் காலைச் சொறிந்து, கண்ணாடியில் தெரிவதை இல்லாத காலாகப் பார்ப்பது சிலருக்கு ஆறுதல் தருகிறது. மொளியைச் சொறிந்து புண்ணாக்குவதைவிட இது மேல்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் நிலை இதற்கு நேரெதிர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாததால் நுளம்பு கடிப்பதே தெரியாது. ஒரு மாலைப்பொழுதில் இருபது முப்பது கடி வாங்கியிருப்பார்கள். தடித்த இடத்தில் சக்கர நாற்காலியின் விளிம்போ மடிப்புத் துணியோ உரசினால் புண் ஆகும், உணர்வில்லாத தோலில் புண் ஆற மாதங்கள் எடுக்கும். சாறத்துக்குப் பதிலாக மாலையில் நீளக் காற்சட்டையும் காலுறையும் போடுவதும், பராமரிப்பவர் ஒவ்வொரு நாளும் கால்களைப் பார்ப்பதும் அவசியம். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டில் காயப்பட்டவருக்குத் திடீரெனத் தாங்க முடியாத தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை வந்தால் அது அவசர நிலை. உணர்வில்லாத பகுதியில் உள்ள ஒரு சிறு புண்கூட இரத்த அழுத்தத்தை அப்படி ஏற்றிவிடும். நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாகனத்துக்குச் சொல்லுங்கள்.

நித்திரையில்லாத இரவுகள்

அரிப்பு இரவில் கூடுவது கற்பனையல்ல. இரவில் தோலின் சூடு கூடுகிறது, அழற்சியை அடக்கும் உடலின் சுரப்பு குறைகிறது, மனதுக்கும் வேறு வேலை இல்லை. மனஅழுத்தம் அரிப்பைக் கூட்டும். நித்திரையின்றி யோசித்துக்கொண்டு கிடப்பவர்களின் கை தானாகச் சொறியப் போகும். இந்த மண்ணில் அப்படிக் கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று நான் எழுதத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டக் கொட்டிலைப் பற்றி எழுதிய நாங்கள் யாரும், வயதுபோன அந்தத் தாய்மாரை வீதியோரத்தில் எவ்வளவு நுளம்பு கடித்திருக்கும் என்று எழுதவில்லை.

நுளம்புத்திரி பற்றி ஒரு சொல். மூடிய அறையில் ஒரு திரி முழுவதும் எரிந்தால் வரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. இழுப்பு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் அறையில் அது வேண்டாம். திறந்த விறாந்தையில், காற்று வரும் பக்கத்தில் வைக்கலாம். மின்விசிறியும் நல்ல காவல், நுளம்பு பறப்பில் பலவீனமானது. ஆனால் வலைக்கு ஈடு எதுவுமில்லை. விளிம்பைப் பாய்க்குக் கீழே செருகுங்கள், கையும் காலும் வலையில் முட்டாமல் படுங்கள். முட்டினால் வலைக்கு வெளியே நின்றே குடிக்கும்.

வலை இரவு நுளம்புக்கு. டெங்கு நுளம்பு பகலில், அதிலும் காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். பகலில் நித்திரை கொள்ளும் குழந்தைக்கும் வலை வேண்டும். 2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். வடக்கில் வடகீழ்ப் பருவமழையோடு, கார்த்திகை தொடக்கம் தை வரை அது கூடும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், புறூபன், டைக்குளோபினாக் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு மாறும் கட்டத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரிக்கும், சிவந்த தோலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதை நுளம்புக் கடி என்றோ மருந்து ஒவ்வாமை என்றோ நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. சில நாட்களில் தானாகப் போய்விடும்.

மலேரியா எங்களை விட்டுப் போய்விட்டது. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கசப்புக் குளிசையின் சுவை நினைவிருக்கும். அந்த அறிவிப்புக்கு முன் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல் பதிவானார், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் கிணறுகளிலும் பெருகக்கூடிய ஒரு புதிய மலேரியா நுளம்பினம் அதற்குச் சற்றுப் பின்னர் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வரும் உறவினர்களுக்குக் காய்ச்சல் வந்தால், இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மலேரியாவுக்கும் இரத்தம் பார்ப்பார்கள்.

இதை எழுதி முடிக்கும்போது கடைக்கார அண்ணைக்கு அழைப்பு எடுத்தேன். கடை திறந்துவிட்டது. வலைக்குள்தான் படுக்கிறாராம். பூனை கிழித்த ஓட்டைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பழைய ரியூப் துண்டுகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் சொலுசன் போட்டு ஒட்டியிருக்கிறாராம். ஒன்பது ஒட்டு. “காத்துத்தான் அடிக்கேல்லை” என்றார்.